மீமிசலுக்குப் போன ஏழு பேர்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கல்லூரிக் கால்பந்து அணியின் சீசன் என்றால் ஐந்து ஆட்டம். அதில் ஒன்று, ஆடுகள் குறுக்கே வந்ததால் இடைவேளையோடு நின்றுபோனது. இன்னொன்றில் எதிரணி வரவே இல்லை, வென்றதாக எழுதிக்கொண்டார்கள். மிச்சம் மூன்று. அந்த மூன்றையும் நான் பார்த்தேன். அதற்காக விமானம் ஏறியவன் அல்ல.

கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழின் செய்தி மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்து ஊரில் அப்பா பெயரில் ஒன்றரை ஏக்கர் கிடக்கிறது. அதன் பட்டாவை என் பெயருக்கு மாற்ற வந்தேன். அலுவலகத்தில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். "அய்யா திருவிழா லீவுல இருக்காருங்க. அடுத்த புதன்கிழமை வாங்க" என்றார். அன்று செவ்வாய்க்கிழமை. யாருடைய திருவிழா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இந்தக் கட்டுரையில் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஒருவனிடம் மட்டும், உன்னைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். ஒரு நிபந்தனையோடு சம்மதித்தான். அது கடைசியில் வரும்.

செவ்வாய்

அன்றிரவு அதே ஊரில் சித்தப்பா மகன் முத்துக்குமார் வீட்டில் சாப்பாடு. அவன் புதுக்கோட்டையை ஒட்டிய ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வெளியே கொட்டுச் சத்தம் கேட்டது. கை கழுவிவிட்டு, நகரத்தில் இருந்த என் விடுதிக்குக் கிளம்பினேன்.

"எங்கண்ணே கெளம்புறீங்க?" என்றான் முத்துக்குமார்.

"ரூமுக்கு."

"அது முடியாதுண்ணே. இப்பத்தான் காப்புக் கட்டினாக. கட்டும்போது ஊருக்குள்ள இருந்துட்டீங்க. இனிமே எட்டு நாளைக்கு நீங்களும் வெளியூர்ல ராத்தங்கக் கூடாது."

எங்கள் நாட்டிலும் காப்புக் கட்டுவார்கள். கட்டிக்கொண்டவர் விரதம் இருப்பார். மற்றவர்கள் அவருக்கு மோர் கொடுப்பார்கள். ஓர் ஊரையே, வந்த விருந்தாளியோடு சேர்த்துக் கட்டிப்போடும் காப்பை இங்கேதான் பார்த்தேன். பகலில் எங்கு வேண்டுமானாலும் போகலாமாம். தூங்குவதற்கு எல்லைக்குள் வந்துவிட வேண்டுமாம். மீறினால் என்ன ஆகும் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. இதுவரை யாரும் மீறியதில்லை என்பதால் தெரியவில்லையாம். செய்தி மேசையில் இப்படி ஒரு பதிலைக் கொண்டுவரும் நிருபரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

புதன்

காலையில் அணியைக் காட்ட அழைத்துப் போனான். கல்லூரி மைதானத்துக்கு அல்ல. அங்கே புதுக் கட்டடத்துக்காக ஜல்லி கொட்டி இரண்டு வருடமாகிறது. கட்டடம் வரவில்லை; ஜல்லி மட்டும் இருக்கிறது. அதனால் அணி ஆடுவது ஊர்க் கண்மாயில். தண்ணீர் வற்றி, பாளம் பாளமாக வெடித்த தரை. இரண்டு பக்கமும் தைலமரக் கம்பை நட்டு கோல் கட்டியிருந்தார்கள். ஒரு கம்பு மற்றதைவிட அரையடி உயரம். மழை பெய்து கண்மாய் நிறைந்தால் சீசன் முடிந்தது. அட்டவணையைப் பல்கலைக்கழகம் போடுவதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். உண்மையில் போடுவது வானம்.

புதுச் சீருடை வந்திருந்தது. மேலே நீலம், கீழே வெள்ளைக் கால்சட்டை. செம்மண்ணிலும் களிமண்ணிலும் புரளுகிற அணிக்கு வெள்ளைக் கால்சட்டை தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்டேன்.

"நாந்தாண்ணே. டிவில பாக்க நல்லாருக்கும்" என்றான் முத்துக்குமார்.

எந்த டிவி என்று நான் கேட்கவில்லை.

அணியில் பதினாறு பேர். அவர்களில் ஏழு பேர் இந்த ஊர்க்காரர்கள். கோல்கீப்பர் பழனிவேல் அவர்களில் ஒருவன். வணிகவியல், கடைசி வருடம். நெட்டையன், அதிகம் பேசாதவன். அவனுக்கு மட்டும் இது விளையாட்டில்லை. மண்டலப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஆடும் இரண்டு அணிகளிலிருந்துதான் பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு ஆள் கூப்பிடுவார்கள். பல்கலைக்கழக அணிச் சான்றிதழ் கையில் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் காவல் துறை வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அடுத்த வருடம் அவன் மாணவன் இல்லை. ஆகவே இந்த வருடம் இறுதி ஆட்டம். இல்லையென்றால் அப்பாவோடு போர்வெல் லாரி. இதை அவன் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற ஆரோக்கியம் சொன்னான்.

ஆரோக்கியம் வலது பக்கத் தடுப்பாட்டக்காரன், பழனிவேலின் அடுத்த தெரு. குட்டை, வாயாடி. கிறிஸ்தவக் குடும்பம். காப்பு உன்னையும் கட்டுமா என்று கேட்டேன்.

"ஊருக்குத்தானே ஐயா காப்பு? நானும் ஊருதானே? ராத்தங்க மாட்டேன். ஆனா கவுச்சி திம்பேன். இவய்ங்க ஆறு பேரும் பூக்குழி எறங்குறாய்ங்க, விரதம். மீனு வாசம் வந்தாலே மூஞ்சியத் திருப்பிக்குவாய்ங்க."

பழனிவேல் உட்பட அந்த ஆறு பேரின் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு இருந்தது.

போட்டி வியாழன், வெள்ளி, சனி. இடம், மீமிசலைத் தாண்டி ஒரு கடலோரக் கல்லூரி. முத்துக்குமார் ஒரு மாதத்துக்கு முன்பே அங்கே பதினாறு பேருக்கும் விடுதி அறை சொல்லிவைத்திருந்தான். திருவிழாக் குழுவிலும் அவன் இருக்கிறான்; காப்புக் கட்டும் நாளைக் குறித்த கூட்டத்தில் அவனும் கையெழுத்துப் போட்டிருக்கிறான். இரண்டு தேதியும் ஒரே தலைக்குள் ஒரு மாதம் இருந்திருக்கின்றன. ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

"இப்ப என்ன பண்ணுவே?" என்றேன்.

"ஒம்பது பேரு அங்கிட்டு தங்கட்டும். நம்ம ஏழு பேரு தெனம் போயிட்டு வருவோம். வேன் இருக்கு. நீங்களும் வாங்கண்ணே, பொழுது போகும்."

போக ஒன்றரை மணி நேரம் என்றான். அந்த மாவட்டத்தில் யாரும் பயண நேரத்தை உண்மையாகச் சொல்வதில்லை. இரண்டே கால் ஆனது.

வியாழன்

வேன் ஒரு மழலையர் பள்ளியுடையது. கண்ணாடியில் ஆப்பிளும் யானையும் ஒட்டியிருந்தன. இருக்கைகள் நான்கு வயதுப் பிள்ளைக்கு அளவெடுத்தவை. பழனிவேல் உட்கார்ந்தபோது முழங்கால் காதைத் தொட்டது. டிரைவர் சின்னையா பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத்தான் எங்களை ஏற்றினார்.

அறந்தாங்கியில் இட்லி. நல்ல இட்லி, மூன்று நாளில் நான் குறை சொல்ல முடியாத ஒரே பொருள் அதுதான். ஆறு பேரும் சாம்பாரைக்கூட விசாரித்துவிட்டு ஊற்றிக்கொண்டார்கள். ஆரோக்கியம் இரண்டு முட்டை தோசை சாப்பிட்டான். ஒவ்வொரு வாய்க்கும் அவர்களை ஒரு பார்வை பார்த்தான்.

கல்லூரி வாசலில் நாற்பது அடி விளம்பரத் தட்டி. தாளாளர், அவர் மனைவி, தாளாளரின் அப்பா, சனிக்கிழமை வரவிருக்கும் சிறப்பு விருந்தினர், அவருக்கு வேண்டியவர்கள் என்று பதினொரு முகங்கள். ஒரு கால்பந்து அணிக்குச் சரியான எண்ணிக்கை. ஆட்டக்காரர் படம் ஒன்றும் இல்லை. பந்து ஒன்று மூலையில் இருந்தது, அது கூடைப்பந்து.

மைதானத்தின் கிழக்கே மணல் திட்டு, அதற்கப்பால் கடல். நான் பார்த்த கடல்களில் சோம்பேறியான கடல் இதுதான். அலை கிடையாது. பழுப்பு நிறச் சேறு. இடுப்பளவு தண்ணீருக்கு இருநூறு அடி உள்ளே நடக்க வேண்டும். மேற்கே புதிதாகக் கட்டிய கழிப்பறை வரிசை, ஆறு கதவு. ஆறிலும் பூட்டு. குறுக்கே சிவப்பு ரிப்பன்.

"சிறப்பு விருந்தினர் சனிக்கிழமை தெறந்து வைப்பாக" என்றார் காவலாளி.

"அதுவரைக்கும்?"

அவர் கையை அகல விரித்து மைதானத்தைச் சுற்றிக் காட்டினார். கண்ணுக்கெட்டிய தூரம் உப்புத் தரை. கருவேலம் புதர் ஒன்று, நடந்தால் ஐந்து நிமிடம்.

நடுவர், மஞ்சள் கயிற்றைக் கழற்றச் சொன்னார். ஆட்டத்தில் கையில் எதுவும் இருக்கக் கூடாதாம். ஆறு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் கயிற்றின் மேல் பிளாஸ்திரி சுற்றி ஆட்டத்தைத் தொடங்கினார்கள். இதில் இருபது நிமிடம் போயிற்று.

ஆடிக் காற்று. பந்து யார் சொல்வதையும் கேட்கவில்லை. இடைவேளைக்குப் பிறகு காற்று எங்கள் அணியின் முதுகுக்கு வந்தது. பழனிவேல் தன் கோலிலிருந்து உதைத்த பந்து மேலே போய், நின்று, யோசித்து, எதிர்க் கோல்கீப்பரின் முன்னால் ஒரு முறை குத்தி, அவன் தலைக்கு மேல் ஏறி வலைக்குள் விழுந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம். அன்றைய ஒரே கோல்.

"ஆடிக் காத்துல அம்மியே பறக்குங்கிறாக. பந்து அரைக் கிலோகூட இல்லயே" என்றான் ஆரோக்கியம். பழனிவேல் சிரிக்கவில்லை. பல்கலைக்கழகத் தேர்வாளர் பார்த்தாரா என்று மட்டும் கேட்டான்.

தேர்வாளர் என்றால் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர். அவர் தாளாளரின் குளிர்சாதன அறையில் இருந்தார். சன்னல் மைதானத்தைப் பார்த்து இல்லை.

வெள்ளி

அறந்தாங்கி தாண்டி ஆறேழு கிலோமீட்டர் போயிருப்போம். பின் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு குரல்: "மிஸ், ஒண்ணுக்கு."

யு.கே.ஜி. பிள்ளை ஒன்று. இருக்கையில் படுத்துத் தூங்கி, உருண்டு கீழே போயிருக்கிறது. சின்னையா பிள்ளைகளை இறக்கிவிடும்போது எண்ணவில்லை. வேன் திரும்பியது. பள்ளி வாசலில் அந்தப் பிள்ளையின் அம்மா நின்று சின்னையாவைக் கேட்ட கேள்விகளை ஒரு குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. சின்னையா இந்த ஊரில் பிறந்தவர்தானா என்றே சந்தேகப்பட்டார். ஒன்றும் ஆகாதது போல் அந்தப் பிள்ளை எல்லோருக்கும் டாட்டா காட்டிவிட்டு உள்ளே போனது.

மைதானத்துக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். அங்கே யாரும் எங்களைத் தேடியிருக்கவில்லை. கோடு போடும் சுண்ணாம்பு வராததால் ஆட்டம் எப்படியும் தொடங்கியிருக்காது. தாமதத்தைத் தாமதத்தால் சரிக்கட்டும் இந்த ஏற்பாடு எங்கள் நாட்டில் இல்லை.

அரையிறுதி கோல் இல்லாமல் முடிந்தது. பெனால்டி உதையில் பழனிவேல் இரண்டைப் பிடித்தான். அணி இறுதி ஆட்டத்துக்குப் போனது. அவன் வலையில் சாய்ந்து உட்கார்ந்து, கையுறையைக் கழற்றாமல், முகத்தைக் கொஞ்ச நேரம் மூடிக்கொண்டிருந்தான்.

அன்று தாளாளரின் விருந்து. இறால் பிரியாணி. காலை பதினொரு மணிக்கே அண்டாவில் தம் போட்டாயிற்று. மதியம் பரிமாற வேண்டியது. தாளாளர் இரண்டு சொல் பேசிவிட்டுத்தான் பரிமாற வேண்டும் என்றார்கள். அவர் ஒரு கல்யாணத்திலிருந்து ஐந்தரை மணிக்கு வந்தார். இரண்டு சொல் ஐம்பது நிமிடம் ஓடியது. அதுவரை அண்டா மூடியோடு வெயிலில் இருந்தது. பேச்சுக்குப் பிறகு வரும் சாப்பாட்டைத் தொடுவதில்லை என்பது நான் பத்திரிகை வேலையில் கற்ற முதல் பாடம். உள்ளூர் அணியும் தொடவில்லை. அவர்கள் வீட்டில் இதைவிட நல்ல இறால் கிடைக்கிறது.

விடுதியில் தங்கிய ஒன்பது பேரும் இலைக்கு முன் உட்கார்ந்தார்கள். ஆறு விரதக்காரர்களும் தயிர்ச்சோற்றுப் பொட்டலத்தோடு வேனில் ஏறிக் காத்திருந்தார்கள்.

"மாப்ள, நேரமாச்சு வாடா" என்று கத்தினான் பழனிவேல்.

"நீ சாமிக்குப் பயந்து தயிர்ச்சோறு தின்னு. நான் எதுக்குடா தின்னணும்?" என்று இலையிலிருந்தே பதில் சொன்னான் ஆரோக்கியம். இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து ஏறினான்.

சனி

ஆவுடையார்கோயில் தாண்டும்போது முத்துக்குமாரின் கைப்பேசி அடித்தது. கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு முன் சீட்டிலிருந்து திரும்பினான்.

"ஒம்பது பேரும் படுத்துட்டாய்ங்க. விடுதியில நாலு கக்கூஸாம். வரிசை நிக்குதாம்."

ஏழு பேர் ஒருவரையொருவர் எண்ணிக்கொண்டார்கள். கால்பந்தில் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் இல்லை. அது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். சரியாக ஏழு பேர் இருந்தார்கள். அப்புறம் எல்லோருடைய கண்ணும் மெதுவாக ஆரோக்கியத்தின் பக்கம் போயிற்று.

அவன் சன்னலோரம் நெற்றியைக் கம்பியில் வைத்து உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

"ஒனக்கு?" என்றான் பழனிவேல்.

"எனக்கு என்ன? நல்லாத்தான் இருக்கேன்" என்றான் ஆரோக்கியம். பிறகு, "சின்னையாண்ணே, வண்டிய அந்தப் பொதருக்கிட்ட நிறுத்துங்க" என்றான்.

மூன்று முறை நிறுத்தினோம்.

ஆட்டம் இரண்டு மணிக்கு. சிறப்பு விருந்தினர் கை குலுக்கித் தொடங்கிவைக்க வேண்டும். அவர் வரவில்லை. இரண்டு அணியும் வெயிலில் வரிசையாக நின்றன. ஒரு பக்கம் உள்ளூர் அணியின் பதினொரு பேர், இன்னொரு பக்கம் எங்கள் ஏழு பேர். பார்வையாளர்கள் சிரித்தார்கள். "மிச்சப் பேரு நாளைக்கு வருவாகளா?" என்று ஒருவர் கேட்டார். மூன்று மணிக்கு நடுவர், தனக்கு ஐந்தரைக்குப் பேருந்து இருப்பதாகச் சொல்லி விசிலை எடுத்தார். மூன்று நாளில் அந்த மைதானத்தில் எடுக்கப்பட்ட ஒரே முடிவு அது.

தொடங்குமுன் முத்துக்குமாரைக் கூப்பிட்டு விளக்கினார்: "ஒருத்தர் கோட்டத் தாண்டி வெளிய போனாலும் ஆறு ஆயிரும். ஆட்டத்த நிறுத்திருவேன். நிறுத்துனா ஃபைனல் ஆடுனதாக் கணக்குக் கெடையாது."

தேர்வாளர் வெளியே வந்து குடைக்கு அடியில் உட்கார்ந்தார். அக்கறையால் அல்ல. சிறப்பு விருந்தினருக்காகக் குளிர்சாதன அறையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பாதிக்கு முப்பத்தைந்து நிமிடம். ஏழு பேரால் ஆடக்கூடிய ஆட்டம் ஒன்றுதான்: ஆறு பேர் கோலுக்கு முன் சுவர் போல நிற்பது, பந்து வந்தால் எங்காவது உதைப்பது. அழகாக இல்லை. ஆனால் பழனிவேல் எப்பேர்ப்பட்ட கோல்கீப்பர் என்று பார்க்க வேறு வழியே தேவைப்படவில்லை. பழைய பழக்கத்தில் குறிப்பேட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். இடைவேளைக்குள் அவன் பதினான்கு பந்தைத் தடுத்திருந்தான். ஒன்று உள்ளே போயிருந்தது.

இடைவேளையில் ஆரோக்கியம் கழிப்பறைக்கு ஓடினான். ஆறு கதவு, ஆறு பூட்டு, ஒரு ரிப்பன். காவலாளி அங்கேயே இருந்தார்.

"சாவி?"

"ஆபீஸ்ல இருக்கு தம்பி. ஆனா அவுக தெறக்குறதுக்கு முன்னாடி யாரும் பொழங்கக் கூடாதுன்னு உத்தரவு."

நானும் போய்ச் சொன்னேன். வெளிநாட்டுக்காரன் என்றேன், பத்திரிகைக்காரன் என்றேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, ரிப்பனின் சுருக்கத்தை நீவிவிட்டார். ஆரோக்கியம் கருவேலம் புதருக்கு ஓடிப்போய் ஓடிவந்தான். நடுவர் இரண்டு நிமிடம் காத்திருந்தார்.

இரண்டாவது கோல் ஐம்பதாவது நிமிடம். அதன் பிறகு எதிரணி பந்தை ஒருவருக்கொருவர் தட்டிக்கொண்டு ஓய்வெடுத்தது. வென்றுவிட்டார்கள், மிச்சம் கடிகாரத்தின் வேலை. அப்போது, முடிய ஒன்பது நிமிடம் இருக்கும்போது, ஆரோக்கியம் ஓடிக்கொண்டிருந்தவன் நின்றான். முழங்காலைப் பிடித்துக் குனிந்தான். அவன் நின்ற இடத்திலிருந்து பக்கக் கோடு நான்கு எட்டு. நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தார்.

காற்று எங்கள் பக்கம் அடித்ததால் பழனிவேல் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"மாப்ள, முடியலேன்னா போயிரு. பரவால்லடா. போயிரு."

ஆரோக்கியம் கோட்டைப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னான்: "நீ ஒன் கோலப் பாரு."

அவன் போகவில்லை. ஒன்பது நிமிடமும் அங்கேயே நின்றான். ஓடவில்லை, பந்து தன்னிடம் வந்தபோது மட்டும் காலை நீட்டினான். ஐந்தாவது நிமிடத்துக்குப் பிறகு காலை அகட்டி வைத்தே நின்றான். என்ன நடந்தது என்று எழுத வேண்டியதில்லை. கால்சட்டை வெள்ளை. பார்வையாளர் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, பக்கத்தாளைக் கேட்டு, பரவத் தொடங்கியது.

கடைசி விசில். இரண்டுக்குப் பூஜ்யம். என் குறிப்பேட்டில் இருபத்தேழு கோடு.

ஆரோக்கியம் யாருடனும் கை குலுக்கவில்லை. திரும்பி, கிழக்கே நடந்தான். மணல் திட்டைத் தாண்டி, காலணியைக்கூடக் கழற்றாமல் கடலுக்குள் இறங்கினான். அந்தக் கடலில் ஒளிந்துகொள்ள முடியாது. நூறு அடி போயும் தண்ணீர் முழங்காலுக்கு வரவில்லை. மொத்த மைதானமும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பழனிவேல் கையுறையைக் கழற்றிக் கீழே போட்டான். எதிரணித் தலைவன் நீட்டிய கையை ஒரு முறை பற்றிவிட்டு, கடலை நோக்கி ஓடினான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். பிறகு மற்ற நாலு பேரும். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஆரோக்கியத்தை எட்டியதும் பழனிவேல் குனிந்து இரண்டு கையிலும் சேற்றை அள்ளித் தன் கால்சட்டையில் அப்பிக்கொண்டான். அடுத்தவன் மேலும் எறிந்தான். ஐந்து நிமிடத்தில் ஏழு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரண்டு, எது சீருடை எது உடம்பு என்று தெரியாமல் ஆனார்கள். திரும்பி வந்தபோது ஏழு கால்சட்டையும் ஒரே பழுப்பு.

அவர்கள் கடலில் இருந்தபோதுதான் சிறப்பு விருந்தினர் வந்தார். ரிப்பனை வெட்டினார். ஆறு கதவும் திறந்தன. கை தட்டினார்கள். உள்ளே யாரும் போகவில்லை.

பத்திரிகைக்காரன் என்று என்னையும் மேடையில் உட்காரவைத்தார்கள். தேர்வாளர் பல்கலைக்கழகத் தேர்வுக்குப் போகிறவர்களின் பெயரைப் படித்தார். வென்ற அணியில் ஐந்து பேர். தோற்ற அணியில் ஒருவன்: பழனிவேல். பிறகு என்னிடம், "ஏழு பேரு ஆடுனதாலதான் சார் அவன் ஆளு யாருன்னு தெரிஞ்சுது" என்றார். முந்தைய இரண்டு நாளும் குளிர்சாதன அறையில் எதைத் தேடினாரோ.

பழனிவேல் சேற்றோடு மேடை ஏறிக் கையெழுத்துப் போட்டான். தாளில் ஈரம் பரவியது. சிறப்பு விருந்தினர் தன் வெள்ளை வேட்டியை ஒரு சாண் இழுத்துக்கொண்டார்.

"என்னப்பா இது கோலம்? எல்லாரும் இப்படி வந்து நிக்கிறீங்க?"

கீழே வரிசையில் ஆரோக்கியம் தரையைப் பார்த்தான். பழனிவேல் மஞ்சள் கயிற்றைச் சுற்றியிருந்த பிளாஸ்திரியைப் பிய்த்து, கையை நீட்டிக் காட்டினான்.

"காப்புங்கய்யா. காப்புக் காலத்துல வெளியூர்ல ஆடுனா, கடைசி ஆட்டம் முடிஞ்சதும் கடல்ல முங்கணும்ங்க. ஊர் வழக்கம்."

சிறப்பு விருந்தினர் மேடையில் தலை நரைத்தவன் நான் ஒருவன்தான் என்று கண்டு, என் பக்கம் திரும்பினார். "அப்படிங்களா?"

இருபத்தாறு ஆண்டுகள் பிறர் எழுதிய பொய்யை வெட்டியவன் நான். அந்த ஊருக்கு வந்து ஐந்து நாள்.

"ஆமாங்க. ரொம்ப நாள் வழக்கம்" என்றேன்.

அவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். நம் முன்னோர்கள் எதையும் காரணமில்லாமல் சொல்லவில்லை என்றார். கடல் நீரின் உப்பு தசைகளுக்கு என்ன செய்கிறது, சேற்றில் என்னென்ன சத்து இருக்கிறது என்று பதினைந்து நிமிடம் அறிவியல் விளக்கம் கொடுத்தார். இந்த வழக்கத்தை எல்லாக் கல்லூரிகளும் பின்பற்ற வேண்டும் என்று முடித்தார். கடைசி வரிசையில் எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டியவன் ஆரோக்கியம்.

வேனில் சின்னையா இருக்கைகளின் மேல் பழைய செய்தித்தாளை விரித்துவைத்திருந்தார். ஆவுடையார்கோயில் வரை ஒருவரும் பேசவில்லை. மூன்று நாளாக ஒருவரையும் விடாமல் கேலி செய்த பையன்கள். பிறகு இருட்டில் பழனிவேலின் குரல் கேட்டது.

"மாப்ள."

"என்னடா?"

"இறா எப்பிடிடா இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றான் ஆரோக்கியம். வேன் குலுங்கியது. சின்னையா ஓரமாக நிறுத்தி, சிரித்து முடித்துவிட்டுத்தான் மறுபடி எடுத்தார்.

புதன்கிழமை பட்டா அலுவலகத்தில் இன்னொரு புதன்கிழமையைச் சொன்னார்கள். அது எதிர்பார்த்ததுதான். புறப்படுகிற அன்று ஆரோக்கியத்தைக் கடைத்தெருவில் பிடித்து, இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டேன். யோசித்தான்.

"எழுதிக்கங்க ஐயா. ஆனா ஸ்கோரு தெளிவாப் போடுங்க. மூணு கோலுன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறாய்ங்க. ரெண்டுதான்."

இரண்டுதான்.